சதீசன் பேரில் வந்த மூச்சு

டாக்டர் ஷாஹிரா அறிக்கையை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்து, பேனா முனையால் ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"நாப்பத்தொண்ணு. ஒரு மணி நேரத்துல நாப்பத்தோரு தடவை உங்க மூச்சு அடைபடுது, மிஸ்டர் சதீசன். ராத்திரி பூரா இதே கதைதான். லேசான கேஸ் இல்ல. கடுமைன்னுதான் சொல்லணும்."

சதீசன் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவியைப் பார்த்தார். நிலானி தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல," என்றார் டாக்டர். "குறட்டைச் சத்தம் ரொம்பக் கம்மியாப் பதிவாகியிருக்கு. மேடம், வீட்டுல சார் குறட்டை விடுவாரா?"

நிலானி ஜிப்பை மூடினாள். டத்தோ கிராமாட்டில் அவர்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். அந்தப் பக்கம் இருக்கும் ஆசியா பீவி அக்கா போன மாதம்கூட, "ஏம்மா, ராத்திரியில மாவு அரைக்கிறீங்களா?" என்று கேட்டிருந்தாள்.

"விடுவாரு டாக்டர்... சில நாள்."

"சரி. இனிமே மெஷின் போட்டுத்தான் தூங்கணும். ரெண்டு வாரம் ட்ரையல் குடுக்கறேன். அதுவரைக்கும் காடி ஓட்டவே கூடாது. கம்பெனிக்கும் லெட்டர் போயிடும்."

காடி ஓட்டக்கூடாது என்ற அந்த ஒரு பேச்சுக்குப் பயந்துதான் இத்தனையும் செய்தார்கள். கடைசியில் அதே பேச்சு வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது.

வெளியே லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது சதீசன் மெல்ல வாயைத் திறந்தார்.

"நிலா, அந்த நாப்பத்தொண்ணு யாரோடது?"

அவளுக்கும் அதுதான் விளங்கவில்லை. அந்தச் சோதனைக் கருவியைக் கட்டிக்கொண்டு படுத்தது அவரில்லை, அவள்.

*

சதீசனுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஜுருவில் பழைய கார்களை, அவர்கள் பேச்சில் காடிகளை, வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில் இருபத்தேழு வருடமாக வேலை. விற்ற காடியை வாங்கியவர் வீட்டு வாசல்வரை ஓட்டிக்கொண்டு போய் விடுவது அவர் பொறுப்பு. இன்று ஈப்போ என்றால் நாளை அலோர் ஸ்டார். வீட்டில் ஒரு பல்பைக் கழற்றி மாட்டச் சொன்னால் மூச்சு வாங்குகிற மனுஷன், ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் வேறு ஆள். முன்பின் தெரியாத காடியைக்கூட ஐந்து நிமிடத்தில் பழகிக்கொள்வார்.

டிசம்பரில் ஒரு மத்தியானம், கம்பெனி வளாகத்துக்குள்ளேயே காடியைப் பின்னால் எடுத்தவர் ஒரு கம்பத்தில் போய் இடித்தார். வெயில் கண்ணில் அடித்தது என்றார். அன்று காலையிலிருந்து மழை மூட்டம் என்பது கம்பெனி முதலாளி போஸுக்கும் தெரியும். அடுத்த வாரமே காடி ஓட்டுகிற எல்லோருக்கும் உடல் பரிசோதனை வைத்தார்கள். சதீசனின் கழுத்தை நாடாவால் அளந்த நர்ஸ், குறட்டை உண்டா, பகலில் கண் சொருகுமா என்று கேட்டு, ஒரு தாளில் நாலைந்து டிக் போட்டாள். ஸ்லீப் அப்னியாவாக இருக்கலாம், அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரலாம், மாதக் கடைசிக்குள் சோதித்து ரிப்போர்ட் கொண்டுவரவேண்டும் என்று முடிவாயிற்று.

சோதனைக்கு ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டியதில்லை. அஃபிக் என்ற டெக்னீஷியன் ஒரு சின்னப் பையைக் கொடுத்தனுப்பினான். உள்ளே கைக்கடிகாரம் மாதிரி ஒன்று, விரலில் மாட்டிக்கொள்ள ஓர் உறை, கழுத்துக்குக் கீழே ஒட்டிக்கொள்ள ஒரு வில்லை. ஒரு ராத்திரி கட்டிக்கொண்டு தூங்கிவிட்டு, மறுநாள் திருப்பிக் கொடுத்தால் போதும்.

அன்று சாயங்காலம் அந்தப் பையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றி வந்தார் சதீசன்.

"எங்க கம்பெனியில காடி ஓட்டின பஷீர் ஞாபகம் இருக்கா உனக்கு? கண்ணு டெஸ்ட்டுல ஃபெயில்னு கம்பெனி கேட்டுல காவலுக்கு ஒக்கார வச்சாங்க. ரெண்டே மாசம்னாங்க. மூணு வருஷமாச்சு, இன்னும் கேட்டுலதான் இருக்கான்."

"அதுக்கு என்ன செய்யச் சொல்றீங்க?"

"நீ கட்டிக்கோ."

"எதை?"

"இதைத்தான். நீ பூனை மாதிரி தூங்குவ. சத்தமே வராது. ஒரே ஒரு ராத்திரி லா, நிலா."

"உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"நான் வேற விரதத்துல இருக்கேன். தரையில பாயில படுக்கறேன். தரையில படுத்தா கணக்கு சரியா வராது. நாளைக்குத் தப்பா எதாச்சும் காட்டிச்சுன்னா யார் பொறுப்பு?"

தைப்பூசத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. வருடா வருடம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்காவடி எடுப்பவர் அவர். விரதம் தொடங்கிவிட்டால் கூடத்தில் பாய் விரித்துத் தனியாகப் படுப்பார். அறையில் கட்டிலில் அவள். அந்த வீட்டில் கல்யாணம் ஆன வருடத்திலிருந்து அதுதான் வழக்கம்.

"முருகனுக்கு விரதம் இருந்துக்கிட்டே பொய் சொல்லலாமா?"

"நான் எங்க சொல்றேன்? மெஷின்தானே சொல்லப்போவுது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே தோற்றாள். இருபத்தாறு வருடமாக அவருடைய விண்ணப்பப் பாரங்களை நிரப்புவது அவள்தான். அவருடைய பாஸ்போர்ட் காலாவதித் தேதி, அவர் அம்மாவின் திதி, அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து, எல்லாம் அவள் தலைக்குள்தான் இருந்தன. அவருக்குப் பதிலாகத் தூங்குவதும் அந்த வரிசையில் ஒன்றாகப் போயிற்று. தவிர, அன்று சண்டை போடவும் அவளுக்குத் தெம்பில்லை.

*

ஒரு வருடமாகவே அவளுக்கு எதற்கும் தெம்பில்லை என்பதுதான் உண்மை. ஒரு தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கிளார்க் வேலை. காலையில் எழும்போதே நெற்றியில் ஒரு வலி உட்கார்ந்திருக்கும். பத்து மணிக்குக் கோப்பி குடித்தால்தான் எழுத்து கண்ணில் நிற்கும். நாற்பத்தொன்பது வயது, உடம்பு மாறுகிற காலம் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறதிக்கு மட்டும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

கைப்பையின் உள்ளறையில் ஒரு சின்ன நீல நோட்டு வைத்திருந்தாள். அதில் என்ன இருக்கிறது என்று சதீசனுக்கும் தெரியாது, கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள் தர்ஷிகாவுக்கும் தெரியாது. 'திங்கள்: வீட்டுச் சாவி, ஐஸ்பெட்டிக்குள்.' 'வியாழன்: ஒரே கடிதத்தை இரண்டு தடவை டைப் அடித்தேன்.' 'செவ்வாய்: நோர்மாவின் பெயர்.' நோர்மா பதினோரு வருடமாகப் பக்கத்து மேசையில் இருக்கிறவள். ஒரு காலையில் அவளை ஏறிட்டுப் பார்த்தபோது பெயர் வரவில்லை. ஒரு நிமிடம் முழுதாக வரவில்லை.

நிலானியின் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு பெயர்கள், பிறகு ஒருநாள் நிலானியைப் பார்த்து, "நீங்க யாரு பிள்ளை? நிலானி இன்னும் வேலையில இருந்து வரேல்லை," என்றார். அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. நோட்டை மூடும்போதெல்லாம் நிலானி அந்த வயதிலிருந்து தன் வயதைக் கழித்துப் பார்ப்பாள்.

இப்போது அந்த நாற்பத்தொன்று வந்து குறுக்கே நின்றது.

அது அவளுடையது என்றால், அவள் ஏன் குறட்டை விடுவதில்லை? கழுத்து பருத்தவர்களுக்கு வருகிற வியாதி என்றுதானே சொன்னார்கள்? அவள் ஐம்பத்திரண்டு கிலோ. அவருடையது என்றால், அது எப்படி அவள் விரல் வழியாகப் போகும்?

"எனக்கு என்னமோ அந்த மெஷின் ஆளைக் கண்டுபிடிச்சிடுச்சுன்னு தோணுது," என்றார் சதீசன், வீட்டுக்கு வந்ததும்.

"எப்படி?"

"பேரு என் பேருதானே போட்டிருந்தாங்க. இப்பல்லாம் எல்லாம் கம்ப்யூட்டர் லா."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். மீதிப் பாதி நிஜமாகவே நம்புவதுபோல் இருந்தது.

"என்னங்க, நான் தூங்கறப்போ எப்படி இருப்பேன்?"

"எப்படின்னா?"

"மூச்சு விடறேனா? திணர்றேனா? வாயைத் திறந்திருப்பேனா?"

சதீசன் யோசித்தார். தலையைச் சொறிந்தார். "தெரியல நிலா. நான்தான் முதல்ல தூங்கிடுவேனே," என்றார்.

இருபத்தாறு வருடம் பக்கத்தில் படுத்தவருக்கு அது தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவள் முகத்தைத் தூக்கத்தில் பார்த்த ஆள் உலகத்தில் யாருமே இல்லையோ என்று அவளுக்கு ஒரு கணம் விநோதமாக இருந்தது.

*

மூச்சு மெஷின் வீட்டுக்கு வந்தது. ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து நீளும் குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். தூங்கும்போது காற்றை லேசாக அழுத்தி உள்ளே அனுப்பும், தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் என்று அஃபிக் விளக்கினான். சதீசன் பாயில் படுத்து அதை மாட்டிக்கொண்டார்.

"யானை மாதிரி இருக்கேனா?"

"யானை இவ்வளவு பேசாது. கண்ணை மூடுங்க."

பத்து நிமிடத்தில் கழற்றி வைத்துவிட்டார். மூக்குக்குள் யாரோ விசிறி போடுகிற மாதிரி இருக்கிறது என்றார். மறுநாளும் அப்படியே. கம்பெனியில் அவரை ஓட்டுவதிலிருந்து நிறுத்தி, காடிச் சாவிகளுக்கு அட்டை கட்டி ஆணியில் மாட்டும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். விரதச் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம். வழக்கமாக அந்த நேரத்தில் அவர் எங்காவது நெடுஞ்சாலையில் இருப்பார். அன்று வேலையில்லாமல் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சமையலை முடித்துவிட்டு வந்த நிலானி சோஃபாவில் ஐந்து நிமிடம் என்று சாய்ந்தாள்.

கண் விழித்தபோது அவர் அவள் முகத்துக்கு நேரே முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது. ஒரு கையில் கைபேசி. இன்னொரு கை அவள் தோளைப் பிடித்திருந்தது.

"என்ன? யாருக்கு என்ன ஆச்சு?"

அவர் கைபேசியை நீட்டினார்.

திரையில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சத்தமே இல்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்க முயன்றுகொண்டிருந்தது, கதவைத் திறக்க யாரோ உள்ளிருந்து தள்ளுவதைப் போல. காற்று போகவுமில்லை, வரவுமில்லை. மூலையில் நொடிகள் ஓடின. பதினைந்து. பத்தொன்பது. இருபத்து மூன்றாவது நொடியில் அவள் ஒரு சின்னக் குழந்தை மாதிரித் திடுக்கிட்டு, ஒரே ஒரு தடவை மூச்சை இழுத்தாள். பிறகு பழையபடி அமைதி. மறுபடியும் நெஞ்சு தள்ள ஆரம்பித்தது.

"இதுக்கு முந்தி ரெண்டு தடவை," என்றார் சதீசன். குரல் உடைந்திருந்தது. "நீ போயிட்டேன்னு நெனச்சேன் நிலா. எழுப்பப் போனேன். அதுக்குள்ள வந்துடுச்சு. அப்புறம்தான் வீடியோ எடுத்தேன். எடுத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன் பாரு, நானெல்லாம் மனுஷனா?"

நிலானி மறுபடியும் அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தாள். அது தன் முகம் என்று தெரிந்தது. ஆனால் அந்தப் பெண்ணோடு தனக்கு என்ன சம்பந்தம் என்று பிடிபடவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

"அப்போ நாப்பத்தொண்ணு என்னோடது," என்றாள்.

"உன்னோடதுதான்."

அதைக் கேட்டுப் பயப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் அடியில் வேறொன்று மெதுவாகத் தலை நீட்டியது. சாவி ஐஸ்பெட்டிக்குள் போனது, நோர்மாவின் பெயர் தொலைந்தது, எல்லாம் இந்தக் காற்றில்லாத நொடிகளுக்குள் விழுந்ததுதானோ? அம்மாவின் வழி இல்லையோ இது? கேட்க யாருமில்லை. கேட்டால் சோதனைக் கருவியை யார் கட்டிக்கொண்டது என்று சொல்லவேண்டும்.

"இன்னிக்கு ராத்திரி நீ மாட்டிக்கோ," என்றார் சதீசன். இம்முறை அவர் குரலில் தந்திரம் எதுவும் இல்லை.

*

முதல் ராத்திரி பாதியில் கழற்றிவிட்டாள். இரண்டாம் ராத்திரி காற்றோடு சண்டை போடாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை, சுவருக்கு அந்தப் பக்கம் ஆசியா பீவி அக்கா முட்டை அடிக்கும் சத்தத்தில் விழித்தாள். படுக்கையிலேயே உட்கார்ந்து, நெற்றியில் இருக்கவேண்டிய வலியைத் தேடினாள். காணோம். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறவள்போல் கொஞ்ச நேரம் தேடினாள். பள்ளியில் பத்து மணிக்குக் கோப்பி குடிக்க மறந்துபோனாள். அந்த மறதியை நோட்டில் எழுதுவதா வேண்டாமா என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அஃபிக் கூப்பிட்டான். சதீசன் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே! மெஷின்லேர்ந்து எங்களுக்கு டேட்டா வந்துக்கிட்டே இருக்கும்ல, பாத்தேன். ஆரம்பத்துல ரெண்டு மூணு நாள் நீங்க போடவே இல்ல, திட்டலாம்னு இருந்தேன். இப்போ சூப்பர் லா! தெனமும் ஏழு மணி நேரம். நாப்பத்தொண்ணு மூணுக்கு எறங்கிடுச்சு."

"மூணா?"

"மூணே மூணு. அடுத்த புதன் வாங்க. இப்படியே போனா டாக்டர் லெட்டர் குடுத்துடுவாங்க. காடி ஓட்டலாம்ணே."

கைபேசியை வைத்துவிட்டு சதீசன் கூடத்தின் நடுவில் நின்றார். பல நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு அவளைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கியது.

"நிலா, இப்படியே விட்டா என்ன?"

"எப்படியே?"

"உனக்கு மெஷின் கெடைச்சிடுச்சு. எனக்கு லெட்டர் கெடைச்சிடும். ட்ரையல் முடிஞ்சதும் என் பேர்லயே ஒரு மெஷின் வாங்கிடுவோம். நீ போட்டுக்கோ. யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் பிசகு எங்கே என்று சட்டென்று கையில் சிக்கவில்லை. அவருக்கு ஸ்டியரிங் திரும்பி வரும். அவளுக்கு மூச்சு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், பொய் ரிப்போர்ட் கொடுத்தவர் என்று கம்பெனிக்குத் தெரிந்தால், கேட்டுக்குப் பக்கத்தில்கூட அவரை உட்கார வைக்கமாட்டார்கள்.

"சரி, பாப்போம்," என்றாள்.

அன்று ராத்திரி படுத்தும் தூக்கம் வரவில்லை. இத்தனை நாள் தலையணையில் தலை பட்டதும் கல்லாய் விழுந்துவிடுகிறவள், இப்போது உடம்பில் மிச்சம் இருந்த தெம்போடு விழித்துக் கிடந்தாள். கூடத்திலிருந்து சதீசனின் குறட்டை வந்தது. கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு அழுதிருக்கிறாள். பிறகு பழகிவிட்டது. பிறகு அதுவே ஒரு தைரியமாகவும் ஆகிவிட்டது. சத்தம் கேட்கிறவரை மனுஷன் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம்.

சத்தம் நின்றது.

நிலானி மாஸ்க்கைக் கழற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தன்னையறியாமல் எண்ணினாள். பதினெட்டு வரை வந்தபோது படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான், அடைத்த குழாய் திறந்துகொண்டதுபோல் ஒரு பெரிய உறுமல் வந்தது. மாவு அரைவது மறுபடியும் ஆரம்பித்தது. ஐந்தாறு சுற்று. மறுபடியும் நின்றது.

இத்தனை வருடமும் அந்த இடைவெளிகள் இருந்திருக்கின்றன. சத்தம் ஓய்ந்தது என்று நிம்மதியாகப் புரண்டு படுத்திருக்கிறாள் அவள். அவளும் அப்போது மூச்சில்லாமல்தான் கிடந்திருப்பாள்.

இந்த மனுஷனுக்கு ஒரு சோதனையும் நடக்கவில்லை. அவள் மூச்சைக் காட்டி வாங்கிய கடிதத்தோடு அவர் ஜுருவுக்குப் போகிற நீளப் பாலத்தின்மேல் ஏறுவார். நூற்றுப்பத்தில் போவார். பக்கத்தில் கடல்.

*

புதன்கிழமை டாக்டர் ஷாஹிரா கடிதத்தை எழுதியே வைத்திருந்தார். கையெழுத்துதான் பாக்கி.

"வெரி குட், மிஸ்டர் சதீசன். பகல் தூக்கம் எப்படி இருக்கு?"

"பரவாயில்ல டாக்டர்."

"டாக்டர்," என்றாள் நிலானி. "கையெழுத்துப் போடாதீங்க."

சதீசன் திரும்பி அவளைப் பார்த்தார். இப்படிச் சொல்லப்போவதாக அவள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ராத்திரி எண்ணியதை மட்டும் அவரிடம் சொல்லியிருந்தாள். பதினெட்டு என்று. அவர் "ம்" என்றதோடு சரி.

"அந்த டெஸ்ட்டு..." என்று ஆரம்பித்தவளுக்கு அடுத்த சொல் கிடைக்கவில்லை. மறதியா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. கைப்பையைத் திறந்து நீல நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதற்கும் டெஸ்ட்டுக்கும் என்ன தொடர்பு என்று டாக்டர் புரியாமல் பார்த்தார்.

"அந்த மெஷினைக் கட்டிக்கிட்டது அவங்க, டாக்டர்," என்றார் சதீசன். தலை குனிந்திருந்தது. "நான்தான் கட்டச் சொன்னேன். நாப்பத்தொண்ணும் அவங்க மூச்சு. மூணும் அவங்க மூச்சு. எனக்கு என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

டாக்டர் அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அறிக்கையை எடுத்து, குறட்டை என்ற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதானே," என்றார் கடைசியில். பிறகு குரல் ஏறியது. "விளையாட்டா இது? தப்பான ஆளுக்கு டாக்டர் மருந்து குடுத்தா என்ன ஆகும்? இதைக் கட்டிக்கிட்ட இவங்களுக்கு மூச்சு நல்லா இருந்திருந்தா? 'ஒண்ணுமில்ல'ன்னு நான் எழுதிக் குடுத்திருப்பேன். அதை வச்சு நீங்க எங்க போய் மோதியிருப்பீங்க?"

இரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

"கம்பெனிக்கு மறுபடியும் டெஸ்ட் எடுக்கணும்னு மட்டும் எழுதறேன். மத்ததை நீங்களே உங்க போஸ்கிட்ட சொல்லணும். அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது," என்று சொல்லி, அந்தக் கடிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். சதீசன் துண்டுகள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் நீல நோட்டைப் புரட்டினார். நோர்மாவின் பெயர் இருந்த பக்கத்தில் கொஞ்சம் நின்றார்.

"எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது, டாக்டர். இது அதா, இல்ல இந்த மூச்சுதானா?"

"இப்போ சொல்ல முடியாது," என்றார் டாக்டர், கோபம் போன குரலில். "தூக்கம் கெட்டா மறதி வரும். நல்லாவே வரும். இதே வியாதி இருக்கற பெண்கள்ல நெறையப் பேருக்குக் குறட்டையே இருக்காது, களைப்பு, தலைவலின்னு சுத்திக்கிட்டு இருப்பாங்க. மூணு மாசம் மெஷின் போட்டுத் தூங்குங்க. நோட்டுல எழுதிக்கிட்டே இருங்க. அப்புறம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம். குறையலன்னா மத்த டெஸ்ட் எல்லாம் நானே எழுதறேன்."

எதிர்பார்த்த பதில் இதுவா என்று நிலானிக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை வாய்விட்டு ஒருவரிடம் கேட்டாயிற்று. தோளிலிருந்து பாரத்தில் ஒரு பாதி இறங்கியதுபோல் இருந்தது. மீதிப் பாதி அங்கேயே இருந்தது.

வெளியே அஃபிக் இரண்டு பைகளோடு நின்றான். விஷயம் அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டே இரண்டு பைகளிலும் பட்டி ஒட்டிப் பெயர் எழுதினான்.

"அக்கா பேர்ல டெஸ்ட் இன்னும் எடுக்கலன்னுதானே கணக்கு. அதனால அக்காவும் மறுபடி எடுக்கணும். இந்தத் தடவை மாத்திக் கட்டிக்காதீங்க."

"தம்பி, நான் தரையில படுக்கறேன். விரதம். கணக்கு சரியா வருமா?"

"தரையில படுத்தாலும் மூச்சு மூச்சுதாண்ணே."

*

இரண்டு பேருமே காடி ஓட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் பஸ்ஸில் ஏறினார்கள். மடியில் ஆளுக்கொரு பை. சதீசன் ஜன்னல் வழியாகப் போகிற காடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"நாளைக்குப் போஸ்கிட்ட சொல்லிடறேன்," என்றார். "கேட்டுன்னா கேட்டு. பஷீருக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் கெடைச்ச மாதிரி இருக்கும்."

"கோவமா?"

"யார் மேல?" என்றார். மடியிலிருந்த பையை இழுத்து வைத்துக்கொண்டு, "பதினெட்டு வரைக்குமா எண்ணின?" என்றார்.

"ஆமா."

"நான் இருபத்து மூணு வரைக்கும் பாத்தேன். போதும் நிலா."

அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அவர் தலை அவள் தோளில் சாய்ந்துவிட்டது. மாவு அரைய ஆரம்பித்தது. முன் இருக்கைச் சீனப் பாட்டி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். நிலானி அசையாமல் இருந்தாள். அப்போதுதான் டாக்டர் அறையில் குடையை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. பையை மெல்லத் திறந்து, நீல நோட்டில் எழுதினாள். 'புதன்: குடை.' கொஞ்சம் யோசித்து, பக்கத்திலேயே எழுதினாள். 'ஆனால் பஸ்ஸிலேயே ஞாபகம் வந்தது.' இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று டாக்டரைத்தான் கேட்கவேண்டும்.

தோளில் சத்தம் நின்றது.

நான்கு வரை எண்ணினாள். அதற்குமேல் பொறுக்கவில்லை, முழங்கையால் லேசாக இடித்தாள்.

"ஆங்... எறங்கணுமா?"

"இல்ல. இன்னும் நாலு ஸ்டாப் இருக்கு," என்றாள் நிலானி. "மூச்சு விட்டுக்கிட்டே தூங்குங்க."